மூங்கில் வாள்

அன்புள்ள ஐயா,

நான் ஓசூரில் வேலை பார்க்கும் பொறியாளன். உங்கள் தளத்தின் வழியாகத்தான் பழைய ஜப்பானியப் படங்கள் பக்கம் வந்தேன். முதலில் ‘செவன் சாமுராய்’ பார்த்தேன். மூன்றரை மணி நேரப் படம் என்பதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். முதல் பாதியில் ஆள் சேர்ப்பதைத் தவிர ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்து ‘ஹராகிரி’. அது பிடித்தது. ஆனால் ஒரு சாமுராய் தன் வாளை விற்றுவிட்டு உறைக்குள் மூங்கிலைச் செருகிக்கொண்டு திரிவதும், அதோடு போய் ஒரு பிரபுவின் வீட்டில் ‘வயிற்றைக் கிழித்துச் சாக இடம் கொடுங்கள்’ என்று கேட்பதும் நம்பும்படி இல்லை. கதைக்காகச் செய்துகொண்ட வசதி என்றே பட்டது. இயக்குநர் ஓசு ஒருவர்தான் கலைஞர் என்கிறார் என் நண்பர். வாள் படங்கள், யகூசா என்னும் ரவுடிக் கும்பல் படங்கள், தோரா-சான் நகைச்சுவை எல்லாம் கம்பெனிச் சரக்காம். நான் எதில் தொடங்கி எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? பத்துப் படங்கள் கொண்ட பட்டியல் தர முடியுமா? ஜப்பான் வரலாறு தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஆனால் அந்த மூங்கில் வாளை ‘நம்பும்படி இல்லை’ என்று எழுதிவிட்டீர்கள். அம்மா போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவள் நினைவு வரும்போதெல்லாம் கூடவே அந்த மூங்கில் வாளும் வந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஒன்றரை மடங்கு வேகமா? அந்தப் படத்தில் யோஹெய் என்று ஒரு விவசாயி வருகிறான். சாமுராய்களுக்குச் சமைத்துப் போட ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி, பட்டணத்துச் சத்திரத்தில் திருட்டுப் போய்விடும். தரையில் சிந்திக் கிடக்கும் மிச்சத்தை யோஹெய் குனிந்து மணிமணியாகப் பொறுக்குவான். அந்த விரல்களை நீங்கள் ஓட்டிவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்கள். அந்த விவசாயிகள் தாங்கள் குதிரைவாலி மாதிரி ஒரு புல்லரிசியைத் தின்றுகொண்டு, வெள்ளைச் சோற்றைச் சாமுராய்க்கு வைக்கிறார்கள். அது தெரிந்ததும் சாமுராய்களின் தலைவன் கம்பெய் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறான். அந்தச் சொல்லுக்காகத்தான் பிறகு மழையிலும் சேற்றிலும் அத்தனை பேர் சாகிறார்கள். கம்பெய் நமக்கு அறிமுகமாகும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பிடித்துவைத்துக்கொண்டு கொட்டகைக்குள் இருக்கிறான் ஒரு திருடன். கம்பெய் தலையை மழித்துக்கொண்டு துறவி வேடத்தில் வந்து முதலில் உள்ளே எறிவது இரண்டு சோற்றுருண்டைகளை. வாள் அதற்குப் பிறகுதான். படம் 207 நிமிடம். அதை முழுதாகக் கொடுக்க நேரமில்லை என்றால் பார்க்காதீர்கள், தப்பில்லை. அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் நண்பருக்கு ஒரே ஒரு பதில். ஓசு தன் படங்களில் பெரும்பாலானவற்றை ஷோச்சிகு கம்பெனியின் சம்பளக்காரராக இருந்துதான் எடுத்தார். ‘ஹராகிரி’யும் தோரா-சான் படங்களும் அதே ஷோச்சிகு சரக்குதான். ஓசுவின் படங்களில் அப்பாவாக வரும் சிஷு ரியூதான் தோரா-சானில் கோயில் மடாதிபதியாக வருகிறார். இதைச் சொல்லுங்கள், போதும்.

இனி மூங்கில் வாளுக்கு வருகிறேன்.

ஜப்பானிய மொழியில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: தகெமிட்சு. தகெ என்றால் மூங்கில். மிட்சு என்பது கனெமிட்சு, நகமிட்சு என்று பெரிய வாள் கொல்லர்களின் பெயர்களில் வரும் விகுதி. ‘மூங்கில்மிட்சு செய்த வாள்’ என்று ஊர் வைத்த கேலிப்பெயர். ஒரு பொருள் நாலு தெருவில் நாலு பேர் இடுப்பில் இருந்தால்தான் அதற்கு இப்படி ஒரு கேலிப்பெயர் பிறக்கும். திரைக்கதை எழுதிய ஷினோபு ஹஷிமோட்டோவின் வசதிக்காக வந்ததில்லை அது.

சாமுராய்க்குச் சம்பளம் அரிசி. கோகு என்பது கணக்கு. ஒரு கோகு சுமார் 180 லிட்டர், ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி என்று வைத்திருந்தார்கள். பிரபுவின் பெருமையையும் அதே கோகுவில்தான் அளந்தார்கள். பிரபு போனால் அரிசி போயிற்று. ‘ஹராகிரி’யின் ஹன்ஷிரோவுக்கு அதுதான் நடக்கிறது. அவன் ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா குடும்பத்தின் ஊழியன். அந்தப் பிரபு அனுமதி வாங்காமல் கோட்டையைப் பழுதுபார்த்துவிட்டார் என்று சொல்லி நாட்டை ஆண்ட ஷோகனின் அரசு 1619இல் ஏறக்குறைய 5 லட்சம் கோகு நாட்டைப் பிடுங்கிக்கொண்டது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே ஆணையில் தெருவுக்கு வந்தன. ஹன்ஷிரோ எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு குச்சு வீட்டில் உட்கார்ந்து குடை கட்டிப் பிழைக்கிறான். மருமகன் மொத்தோமே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். இடுப்பில் மட்டும் இரண்டு வாள்.

‘சாப்பிடாவிட்டாலும் சாமுராய் பல் குத்துவான்’ என்று அவர்கள் பழமொழி. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று நாம் சொல்வது வேறு. அதில் ஒரு இளக்காரம் இருக்கிறது. மொத்தோமே மீசைக்கு ஆசைப்பட்டவன் இல்லை. மனைவி ரத்தம் கக்குகிறாள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல், வைத்தியருக்குக் காசில்லை. உள்ளே இருந்த இரும்பை விற்றான். வெளியே இருந்த உறையையும் பிடியையும் வைத்துக்கொண்டான், ஏனென்றால் அதுகூட இல்லாவிட்டால் தெருவில் நடக்க முடியாது. அப்போது எடோவில் இப்படிப் பிரபுக்களின் வாசலில் போய்ச் சாகப்போகிறேன் என்று நின்ற சிலருக்குக் காசு கொடுத்து அனுப்பினார்கள் என்று படத்திலேயே சொல்கிறார்கள், நீங்களும் கேட்டீர்கள். அந்தக் காசுக்காகத்தான் போனான். அவன் சாகப் போகவில்லை, தம்பி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, அம்மா.

2005 வாக்கில் கோவையில் எங்கள் வீட்டில் அந்தப் படத்தை டிவிடியில் போட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஓடும் ஆங்கில வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மொத்தோமேயின் வாளை அந்த வீட்டு ஆட்கள் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். உருவுவதற்கு முன்னாலேயே அம்மா சொன்னாள்: “உள்ள ஒண்ணும் இருக்காது கண்ணு. வித்துத் தின்னிருப்பான்.”

நான் படத்தை நிறுத்திவிட்டேன். எப்படித் தெரியும் என்றேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “நான் கவரிங் போட்டுட்டுப் போகலையா?”

அப்பா வேலை பார்த்த மில் 1980களில் மூடிவிட்டது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கியும் போனது. அடுத்த மாதம் என் மாமன் கல்யாணம். வெறும் கழுத்தோடு பிறந்த வீட்டுக்குப் போக முடியாது என்று அதே மாதிரியில் ஒரு கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வேர்வை பட்டால் கறுத்துவிடுமே என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது எனக்கே நினைவிருக்கிறது. பந்தியில் உறவுக்காரி ஒருத்தி பேசிக்கொண்டே சங்கிலியைக் கையில் தூக்கி, “என்னங்க்கா, லேசா இருக்குது?” என்றாள். நாலு இலைக்குக் கேட்டது. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருபது வருடம் கழித்து, கீரை ஆயும்போது, அவள் முகத்தில் மறுபடி வந்தது.

அந்த உறவுக்காரிக்குத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே தெரியும். மொத்தோமே போய் நின்ற பிரபுவான இய்யி வீட்டு ஆட்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான், வாள் சாமுராயின் ஆன்மா, உன் சொந்த வாளாலேயே கிழித்துக்கொள் என்கிறார்கள். வாளே இல்லாதவனிடம் வாளின் பெருமையைப் பேசுகிறார்கள். படத்தை எடுத்த கோபயாஷி அந்த மூங்கில் வயிற்றில் இறங்க மறுப்பதை அவ்வளவு நேரம் காட்டுகிறாரே என்று என்னிடமே பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். காட்டத்தான் வேண்டும். அவரும் போரில் சிப்பாயாக இருந்தவர். பதவி உயர்வு கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்துக் கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். கௌரவத்தைப் பற்றி மேலே இருப்பவர்கள் பேசும்போது கீழே யாருடைய வயிறு கிழிகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் எனக்குப் பெரிய இடம் கடைசிச் சண்டை இல்லை. மருமகனின் பிணத்தோடு அந்த மூங்கில் வாளும் வீட்டுக்கு வருகிறது. ஹன்ஷிரோ அதைப் பார்த்துவிட்டுத் தன் வாளைப் பார்க்கிறான். இவன் எல்லாவற்றையும் விற்றான், எனக்கு இதை விற்கலாம் என்று தோன்றவே இல்லையே என்று உடைந்துபோகிறான். தட்சுயா நகடாய்க்கு அப்போது 29 வயது. தாத்தாவாக நடிக்கிறார். அந்த நிமிடத்தில் வயதே தெரியாது.

இந்த வாள் 1962இல் ‘ஹராகிரி’யோடு திடீரென்று வந்ததும் இல்லை. அதற்கு 25 வருடம் முன்பே சடாவோ யமனகா எடுத்த ‘மனிதமும் காகித பலூன்களும்’ ஒரு கிழச் சாமுராயின் தற்கொலையில் தொடங்குகிறது. தூக்கில் தொங்கிவிடுகிறான். சாமுராய் என்றால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டாமா என்று குடியிருப்பு ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். எதைக் கொண்டு கிழிப்பான்? வாளை எப்போதோ விற்றுச் சாப்பிட்டாயிற்று. சாவு வீட்டைச் சாக்காக வைத்து வீட்டுக்காரனிடம் சாராயத்துக்குக் காசு வாங்கி, ஆடிப் பாடித் தீர்க்கிறார்கள். அதே வரிசை வீட்டில் மதஜூரோ என்று இன்னொரு ரோனின், அதாவது பிரபு இல்லாத சாமுராய். அப்பாவிடம் கடன்பட்ட ஒரு பெரிய மனிதரின் வாசலில், அப்பாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் நிற்கிறான். துரத்துகிறார்கள். வீட்டில் மனைவி காகித பலூன் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை. என் அப்பாவும் இரண்டு வருடம் மில் கேட்டில் போய் நின்றுவிட்டு வந்து, “தொறக்கப் போறாங்களாம்” என்றுதான் சொன்னார்.

அந்தப் படம் வெளியான அன்றே யமனகாவுக்கு ராணுவ அழைப்பு வந்தது. இதுவே என் கடைசிப் படமாகிவிட்டால் கொஞ்சம் வருத்தம்தான் என்று குறித்து வைத்திருந்தார். மறு வருடம் சீனப் போர்முனையில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனார். 28 வயது. இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். ஏறக்குறைய முழுதாகத் தப்பியவை மூன்றே மூன்று. அதில் ‘தாங்கே சாசென்’ நகைச்சுவை. பத்து லட்சம் ரியோ (அக்காலத் தங்கக் காசு) பெறுமான ரகசியம் ஒளிந்திருக்கும் பானைக்காக ஊரே அலைகிறது. ஒரு சிறுவன் அதில் தங்கமீன் வளர்க்கிறான். நாடே போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த 1935இல், ஒற்றைக்கண் ஒற்றைக்கை வாள்வீரனை ஒரு அநாதைப் பிள்ளைக்கு அப்பாவாக்கிச் சிரிக்க வைத்த இளைஞன் அவர். இதைக் கம்பெனிச் சரக்கு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

யகூசா படங்களைப் பற்றி இன்னொரு நாள். இயக்குநர் ஃபுகசாகுவின் 1973 யகூசா படம் அணுகுண்டுப் புகையில் தொடங்கி ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் உள்ள குரே நகரத்துக் கறுப்புச் சந்தைக்கு வருகிறது. ஹன்ஷிரோவின் பிரபு இழந்த அதே நாடு, அதே பசி. தோரா-சான் 1969இலிருந்து 1995 வரை 48 படங்கள். அதில் ஒன்றில், தன்னைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டார் ஒரு முலாம்பழத்தைக் கூறுபோட்டுவிட்டார்கள் என்று தோரா போடும் சண்டையைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே இருப்பீர்கள், நெஞ்சு அடைக்கும். ஊர் சுற்றும் தெரு வியாபாரிக்கு ஒரு துண்டு எடுத்துவைக்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அங்கே விஷயம்.

வரிசை கேட்டிருந்தீர்கள். வரிசை கிடையாது. யமனகாவின் காகித பலூன் படம் 86 நிமிடம். அதை முதலில் பாருங்கள், சரியான வேகத்தில். வரலாறு பிறகு படித்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் வந்த இரவு ‘ஹராகிரி’யை மறுபடி போட்டேன். அந்தப் படம் மொத்தோமேயின் சாவை முதலில் காட்டிவிடுகிறது, காரணத்தைப் பின்னால் சொல்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. காசு புரட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று மொத்தோமே வாசலைத் தாண்டுகிறான். அவன் எங்கே போகிறான் என்பது நமக்கு மட்டும் தெரியும். அன்று அந்த இடத்தில்தான் அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து கேட்டாள்.

“அந்தப் பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா கண்ணு?”

“விட்டிருச்சும்மா” என்றேன்.

அன்புடன்.