பங்கு கேட்டவர்களும் வாசலை மறித்தவர்களும்

கேள்வி: அமைதியை நிலைநாட்டுவதில் இளம்பெண்கள் எத்தகைய பங்கு ஆற்றுகிறார்கள்? கல்லூரிக் கருத்தரங்கில் பேச வேண்டியிருக்கிறது.
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: காப்பியை ஆற்றலாம், பசியை ஆற்றலாம், பங்கை எப்படி ஆற்றுவது என்று இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், 'ஆற்றுதல் என்றால் செய்தல்' என்று புலவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அஞ்சலட்டை போடுகிறார். அவருக்கும் எனக்கும் இன்றுவரை சமாதானம் ஏற்படவில்லை. எனக்குத் தெரிந்த பங்கு, பங்காளிகள் அடித்துக்கொண்டு பிரித்துக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பங்குதான். உங்கள் கேள்விக்கு அந்தப் பொருளே பொருத்தம் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியா சாட்சி.

சார்லஸ் டெய்லர் அதிபராக இருந்த அந்நாட்டில், உள்நாட்டுப் போரால் அலுத்துப்போன கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் 2003இல் வெள்ளை டி-ஷர்ட்டும் தலைக்கட்டுமாகத் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தையருகே, அதிபரின் கார் கடந்துபோகும் சாலையோரத்தில், வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். முன்னின்ற லேமா குபோவீக்கு அப்போது வயது 31. (இளைஞர் என்றால் 18 முதல் 29 வரை என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2015இல் தன் 2250ஆம் தீர்மானத்தில் வகுத்தது. அந்தக் கணக்குப்படி அவருக்கு உங்கள் கருத்தரங்கில் இடமில்லை.)

கானாவின் அக்ராவில் டெய்லர் அரசுக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்தது. ஜூலையில் இந்தப் பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, உடன்பாடு காணாமல் உள்ளே இருப்பவர்களை வெளியே விடமாட்டோம் என்றார்கள். காவலர்கள் கைதுசெய்ய வந்தபோது குபோவீ தலைக்கட்டை அவிழ்த்தார், ஆடையையும் களையப்போவதாகச் சொன்னார். தாயொருத்தி தானே நிர்வாணமாவது பார்க்கிற ஆணுக்குச் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. கைது நடக்கவில்லை, நடுவராக இருந்த, நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அப்துல்சலாமி அபுபக்கரே வந்து பேச வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இடைக்கால அரசின் 21 அமைச்சுகளில் 15ஐ, போரிட்ட மூன்று தரப்பும், அதாவது டெய்லரின் பழைய அரசும் இரண்டு கிளர்ச்சிப் படைகளும், ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டன. நிதியும் நீதியும் லர்ட் என்ற கிளர்ச்சிப் படைக்கு, பாதுகாப்பு பழைய அரசுக்கு. மிச்சம் ஆறைத்தான் அரசியல் கட்சிகளும் குடிமைச் சமூகமும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுட்டவர்களுக்குக் கிடைத்த இதைத்தான் நான் பங்கு என்கிறேன். வாசலை மறித்த பெண்களோ, ஊர் திரும்பியதும் சந்தை சந்தையாகப் போய்ப் பெண்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய வைத்தார்கள்; 2005 அதிபர் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண் வென்றார்.

கருத்தரங்கில் இந்தப் பங்கீட்டைக் கணக்கோடு சொல்லுங்கள். 'பங்காற்றினார்கள்' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். புலவர் அதை வெட்டி ஒட்டி எனக்கு அனுப்பிவிடுவார்.