பெரிய ஆலைகள் வந்தால் தோட்டத்து ஊருக்கு என்ன வரும்?

கெடா மாநிலத்தின் பாடாங் செராயிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: “ஐயா, நானும் என் கணவரும் விக்டோரியா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் 21 ஆண்டுகள், கணினி வழி உலோகம் வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் வேலை பார்த்தார். சென்ற ஆண்டு ஆள்குறைப்பில் வேலை போனது. கைக்கு 90,000 ரிங்கிட் வந்தது. கூலிமில் பெரிய சிப் ஆலைகள் எழும்புவதால் சொந்தமாக ஒரு பட்டறை வைக்கலாம் என்கிறார் அவர். ஊர் வளரப் போகிறது, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி ஒரு கடைவீட்டை வாங்கிப் போடுங்கள் என்கிறார் என் அண்ணன். பெரிய ஆலைகளால் எங்களைப் போன்ற தோட்டத்து ஊருக்கு உண்மையில் என்ன வந்து சேரும்? ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்த எங்கள் மகன் எதைப் படிக்கலாம்?”

சகோதரி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறை நல்ல யோசனை. கடைவீடு இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பட்டறையும் கூலிமின் பெரிய ஆலைகளை மட்டுமே நம்பித் தொடங்கப்படுமானால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏன் என்று சொல்வதற்கு, ஒரே வகைத் தொழில்கள் ஓரிடத்தில் கூடும்போது அந்த வட்டாரம் எவ்வாறு வளர்கிறது, யாருக்கு எது கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அலுவலகங்களில் கிளஸ்டர் என்றும் தமிழில் தொழில்திரள் என்றும் இதைச் சொல்கிறோம்.

நீங்கள் பிறந்த தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பால்மரம், விடிவதற்கு முன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பால் ஸ்டோர், புகைக்கூடம், லயம், தமிழ்ப்பள்ளி, கோயில் என எல்லாமே ஓரிடத்தில் இருந்தன. ஒரே தொழிலில் கைதேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தார்கள். அப்படியிருந்தும் தோட்டத்து ஊர்கள் பட்டணமாக வளரவில்லை. காரணம், அங்கே இருந்தது ஒரே ஒரு வாசல். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவத் தெரிந்த கைக்கு ஒரே முதலாளிதான் விலை வைத்தார். கிராணியுடன் மனத்தாங்கல் வந்து வேலை போனால் லயத்து வீடும் சேர்ந்தே போனது. வண்டி பழுது பார்க்கும் பட்டறையும் கம்பெனியுடையது; சாமான் வாங்கும் ஸ்டோரும் கம்பெனியுடையது. பால் ஷீட்டாகித் துறைமுகம் போனதே தவிர, அதை டயராக்கும் கடைசி வேலை எங்கோ நடந்தது. எனவே ஒரே தொழிலைச் செய்யும் ஆயிரம் பேர் ஓரிடத்தில் இருப்பது மட்டும் தொழில்திரள் ஆகிவிடாது. ஒரே திறமையை எடுத்துக்கொண்டு எத்தனை வாசல்களைத் தட்ட முடியும் என்பதுதான் அதற்கு அளவுகோல். உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைகிறது.

இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக எழுதி வைத்தார். ஷெஃபீல்டு நகரில் கத்தி செய்பவர்கள் அனைவரும் ஏன் ஒரே இடத்தில் கூடினார்கள் என்பதற்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று. கைதேர்ந்த ஆளும் அவரைத் தேடும் முதலாளியும் அங்கே எளிதில் சந்திக்கிறார்கள்; கருவியும் உதிரிப்பொருளும் விற்பவர்கள் பக்கத்திலேயே கடை போடுகிறார்கள்; தொழிலின் நுணுக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தானாகப் பரவுகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் இன்னும் எளிதாக விளங்கும். சிவகாசியைச் சேர்ந்த இரு உறவினர்கள் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. மருந்து கலக்கத் தெரிந்தவர்கள் பட்டாசுக்கு நகர்ந்தார்கள். லேபிள் அடித்த அச்சகங்கள் நாட்காட்டியும் பாடநூலும் அடிக்கத் தொடங்கின. ஒரு தொழில் தன் பக்கத்தில் இன்னொரு தொழிலைப் பெற்றெடுக்கும் இந்தத் தன்மை இல்லாத இடத்தில் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1969இல் பினாங்கு சுங்கவரி இல்லாத தடையற்ற துறைமுகம் என்ற தன் தகுதியை இழந்து, வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த தீவாக இருந்தது. அப்போதைய முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் யூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை நேரில் சென்று அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில், நெல் வயலாக இருந்த நிலத்தில் இன்டெல் தன் ஆலையைத் திறந்தது. ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி உள்ளிட்ட அந்த முதல் எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். விடியற்காலையில் கோயில் வாசலில் வந்து நின்ற பேக்டரி பஸ்ஸில், பால் வாளியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போன நம் அக்காமார்கள் எத்தனை பேர்! பெற்றோர் அறிந்திராத மாதச் சம்பளமும் வார விடுமுறையும் பல தோட்டத்து வீடுகளுக்கு அந்தப் பஸ்ஸில்தான் வந்தன.

ஆலைகளின் எண்ணிக்கையைவிட, அவற்றைச் சுற்றி முளைத்தவைதாம் பினாங்கைக் காப்பாற்றின என்பது என் கருத்து. ஆலைகளுக்குத் தேவையான அச்சும் பிடிமானமும் செய்து கொடுக்கச் சிறு இரும்புப் பட்டறைகள் உருவாயின. அவற்றுள் சில பிறகு இயந்திரமே செய்து விற்கும் அளவுக்கு வளர்ந்தன. ஹியூலெட் பேக்கார்டில் பயின்ற இரு பொறியாளர்கள் 2000ஆம் ஆண்டில் விட்ரோக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிப்புகளைப் படமெடுத்துச் சோதிக்கும் அதன் கருவிகள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன. 1989இல் அரசும் ஆலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். போட்டியாளர்களான நிறுவனங்கள் தங்கள் ஆட்களை ஒரே கூரையின் கீழ் பயிற்றுவித்தன. ஓர் ஆலை மூடினாலும், அங்கு வேலை பார்த்தவர் அடுத்த தெருவில் இன்னொரு ஆலையில் சேரலாம் என்ற நிலை இவ்வாறுதான் வந்தது.

1985இல் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பினாங்குப் பாலம் திறந்தது. இடம் போதாமையும் நில விலையும் தொழிலைத் தீவுக்கு வெளியே தள்ளின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2006இல் அங்கு வந்த ஜெர்மனியின் சிப் நிறுவனமான இன்ஃபினியோன், 2024 ஆகஸ்டில் புதிய சிலிக்கான் கார்பைடு சிப் ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த், பிறை, கூலிம், சுங்கை பட்டாணி என்று வரைபடத்தில் தனித்தனிப் பெயர்கள் இருந்தாலும், வேலைக்குப் போகிறவருக்கு இவையெல்லாம் ஒரே மாநகரம்தான். பாடாங் செராயும் அந்த மாநகரத்தின் ஓரத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெரிய ஆலை ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவில் கவனமாக அளந்திருக்கிறார்கள். கிரீன்ஸ்டோன், ஹார்ன்பெக், மொரெட்டி ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய ஆலை வந்து ஐந்தாண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஆலைகளின் உற்பத்தித்திறன், அந்த வாய்ப்பை நூலிழையில் தவறவிட்ட மாவட்டங்களைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்திருந்தது. இதில் இரண்டு செய்திகள் உங்களுக்கு முக்கியமானவை. புதிய ஆலையுடன் ஒரே வகைத் தொழிலாளரையும் ஒத்த தொழில்நுட்பத்தையும் பகிர்ந்துகொள்ளும் நிறுவனங்களுக்கே நன்மை அதிகம் சென்றது. அத்துடன் அந்த மாவட்டங்களில் ஆட்கூலியும் ஏறியது. அதாவது வளர்ச்சியின் ஒரு பகுதியைச் செலவு உயர்வு எடுத்துக்கொண்டது.

பாடாங் செராய்க்கு இதைப் பொருத்திப் பார்த்தால் சம்பளம், வாடகை, ஆர்டர் ஆகிய மூன்றும் மூன்று வேகத்தில் வந்து சேரும். சம்பளம் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி உடனே வரும். சாப்பாட்டுக் கடையும் மளிகைக் கடையும் அதனால் பிழைக்கும். வெளியூர் ஆட்கள் அறை தேடி வருவதால் வாடகை அதன் பின்னாலேயே ஏறும். சொந்த வீடு உள்ளவருக்கு அது வரவு, இல்லாதவருக்குச் சுமை. ஆர்டர் மட்டும் தானாக வராது. சிலிக்கான் தகடும் வேதிப்பொருளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து, முடிந்த சிப் விமானத்தில் திரும்பிப் போய்விடும். இடையில் உள்ளூரில் வாங்கக்கூடியதைச் செய்து கொடுக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் அந்தப் பணம் ஊரில் இறங்கும். உங்கள் கணவரைப் போன்றவர்கள் அதனால்தான் ஊருக்குத் தேவைப்படுகிறார்கள்.

நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் நான் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் ஒன்றைப் பக்கத்தில் காட்டுகிறேன். உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி. அதில் நான்கு துளைகள், சிப்பை அசையாமல் பிடிக்க ஒரு பள்ளம். ஜிக் என்று சொல்வார்கள். துளை 20 மைக்ரான் தள்ளிப்போனாலும், அதாவது தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவாகத் தவறினாலும், பல வேலைகளுக்கு அது பயன்படாது. இரவு ஷிப்டில் அது உடைந்து லைன் நின்றுவிட்டால், விலை குறைவாகத் தரும் வெளிநாட்டு வியாபாரியை யாரும் அப்போது நினைப்பதில்லை. வரைபடத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து, “காலை எட்டு மணிக்குக் கொண்டு வருகிறேன்” என்று சொல்லி, சொன்னபடி கொண்டு வந்து நிற்பவரைத்தான் கொள்முதல் அதிகாரி அடுத்த முறையும் கூப்பிடுவார். பெரிய நாடுகளோடு சிறு பட்டறை போட்டியிட முடிவது இந்த அருகாமையின் பலத்தால்தான்.

ஆனால் அந்தக் கூப்பிடும் கை பெரும்பாலும் இன்ஃபினியோன் போன்ற பெரிய நிறுவனத்தின் கையாக இருக்காது. அவர்களின் சப்ளையர் பட்டியலில் நுழையத் தரச்சான்றிதழ்களும் சில ஆண்டு வரலாறும் கேட்பார்கள். பாயான் லெப்பாஸ், புக்கிட் மின்யாக், பத்து கவான் ஆகிய இடங்களில் தானியங்கி இயந்திரம் செய்யும் உள்ளூர் நிறுவனங்கள் பல இருக்கின்றன. வேலை குவியும் மாதங்களில் அவை தம் உதிரிப்பாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கொடுப்பது வழக்கம். முதல் கதவுகள் அவையே. பிறையில் 21 ஆண்டுகள் உடன் வேலை பார்த்தவர்கள் இன்று எந்தெந்த நிறுவனங்களில் இருக்கிறார்கள் என்று உங்கள் கணவர் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அந்தத் தாள் உங்கள் 90,000 ரிங்கிட்டுக்கு இணையான முதல் என்று நான் கருதுகிறேன்.

அதனால் பட்டறை, கூலிம் பக்கமும் பினாங்குப் பக்கமும் விரைவாகப் போய்வரக்கூடிய நெடுஞ்சாலை நுழைவாயிலுக்கு அருகில், வாடகைக்கு எடுத்த சிறு தொழிற்கூடத்தில் இருப்பது நல்லது. கடைவீட்டில் உலோக வேலை செய்ய உரிமம் கிடைப்பது கடினம். மும்முனை மின்சாரம், சத்தம், எண்ணெய்க் கழிவு ஆகியவற்றைப் பற்றி நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புதிய இயந்திரத்துக்குப் பணத்தைக் கரைக்காமல், நல்ல நிலையில் உள்ள பழைய இயந்திரம் ஒன்றையும் நம்பகமான அளவுகருவிகளையும் வாங்குங்கள். மீதியைத் தொட வேண்டாம்; ஏனெனில் பொருளைக் கொடுத்து 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் வரும், உலோகக் கடைக்காரரோ அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார். நல்ல வேலைக்காரர்களின் பட்டறைகள் மூடிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஆர்டர் இல்லாமல் மூடவில்லை, கைப்பணம் இல்லாமல் மூடின. நடைமுறை மூலதனம் தேவைப்பட்டால், இந்தியத் தொழில்முனைவோருக்கென அரசு நிறுவனமான தெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்புமி கடனை வட்டிக்காரரிடம் போவதற்கு முன்பு விசாரியுங்கள்.

ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வரும் நிலையை இரண்டாம் ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை. 1956 முதல் 1987 வரை அமெரிக்காவின் 170 நகரங்களை ஆராய்ந்த பொருளியலாளர் எட்வர்ட் கிளேசரும் சக ஆய்வாளர்களும், பல தொழில்கள் கலந்திருந்த, நிறுவனங்களுக்கிடையே போட்டியிருந்த நகரங்களிலேயே தொழில்கள் வேகமாக வளர்ந்தன என்று கண்டார்கள். கார் தொழிலை மட்டுமே நம்பிய டெட்ராய்ட்டில் 1950இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்தார்கள். 2010இல் ஏழு லட்சம் பேர்தாம் இருந்தார்கள். 2013இல் அந்த நகராட்சி திவாலானது. மின்னணுத் தொழிலும் 2001இல் தடுமாறியது; 2009இல் அது மறுபடியும் தடுமாறியதை உங்கள் கணவர் இயந்திரத்தின் முன் நின்றே பார்த்திருப்பார். அத்தகைய ஆண்டில் மருத்துவக் கருவி செய்யும் ஆலைக்கும், செம்பனை எண்ணெய் ஆலையின் பழுது வேலைக்கும் அதே இயந்திரம் உதவ வேண்டும். தோட்டத்து வாழ்க்கையில் ஒற்றை வாசலால் நாம் பட்டதை, சொந்தப் பட்டறையில் நாமே மறுபடியும் கட்டிக்கொள்ளக் கூடாது.

உங்கள் அண்ணனின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஆலை வரும் செய்தி பத்திரிகையில் வந்த அன்றே நிலத்தின் விலையில் அது பாதி ஏறிவிடுகிறது. வங்கித் தவணையோ தொழில் மந்தமான மாதத்திலும் நிற்காது. பட்டறை மூன்று ஆண்டு நிலைத்து நின்ற பின் இடம் வாங்குவதைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள்.

மகனுக்கு, கூலிமிலேயே உள்ள அட்தெக் என்னும் அரசுத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் மெக்கட்ரோனிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த படிப்பு) அல்லது அச்சுக்கருவித் தயாரிப்பு போன்ற துறைகளில் இடம் கிடைக்குமா என்று இந்த மாதமே விசாரியுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் நாட்டின் எந்த ஆலையிலும் செல்லும். படித்து முடித்தவுடன் அப்பாவின் பட்டறையில் சேர்ந்துவிடாமல், இரண்டு மூன்று ஆண்டுகள் இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் அவர் வெளியே வேலை பார்க்கட்டும். வரைபடம் எப்படி வரைகிறார்கள், குறை வந்தால் யாரிடம் பேசுகிறார்கள், எந்தப் பாகத்தை வெளியே கொடுக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தால், பட்டறைக்கு அடுத்த ஆர்டரை அவரே கொண்டு வருவார்.