முத்துவின் காதும் ஒரு சொட்டு ரத்தமும்: சர்க்கரைப் பூனை வளர்ப்பவர்களுக்குப் பதில்கள்

நான் கால்நடை மருத்துவர் இல்லை. கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக் கடுவன் முத்துவுக்கு நாலு வருடமாகத் தினம் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறேன். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. அவர் நம்பக்கூடிய எண்களை வீட்டில் எடுப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்தது. எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

அக்கா, கிளினிக்கில் 340 காட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 210. எதை நம்புவது? (திருப்பாதிரிப்புலியூர்)

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பயந்த பூனைக்குச் சர்க்கரை எகிறும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாலு நாய் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் நோயில்லாத பூனைக்கே 300 வரை போவதுண்டு. மற்றபடி அதற்கு 80 முதல் 120 வரைதான் இருக்கும். வீட்டில் பார்க்கச் சொல்வதே இதனால்தான்.

நமக்குப் பார்க்கும் மிஷினிலேயே பூனைக்கும் பார்க்கலாமா? (வில்லியனூர்)

பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் குறைத்துக் காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையில் சுமார் 58 சதவீதம் பிளாஸ்மா என்ற நீர்ப் பகுதியிலும் மீதி சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனைக்குச் சுமார் 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே. நம் மிஷின் நம் கணக்கைத்தான் போடும். ஆல்ஃபாட்ராக் மாதிரி விலங்குகளுக்கான மிஷினில் பூனைக்கென்று தனி குறியீட்டு எண் உண்டு, ஸ்ட்ரிப் விலைதான் கையைக் கடிக்கும். எதை வாங்கினாலும் நடுவில் மாற்றாதீர்கள். எந்த மிஷின் என்று டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

காதில் குத்தினால் ரத்தமே வருவதில்லை. என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. (லாஸ்பேட்டை)

தம்பி, முதலில் ஒரு வாரம் குத்தவே குத்தாதீர்கள். தினம் ஒரே இடத்தில் உட்கார வைத்து, காதைத் தடவி, வேகவைத்த கோழி ஒரு நார் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மிஷின் சத்தமும் கோழி வாசனையும் அதன் மனசில் ஒன்றாகிவிட வேண்டும். முத்து இப்போது மிஷின் டப்பா திறக்கிற சத்தத்துக்குத் தானாக வந்து உட்காருகிறான்.

ரத்தம் வராததற்குக் காரணம், காது சில்லென்று இருப்பது. பழைய காலுறையில் ஒரு கைப்பிடி அரிசி போட்டு முடிந்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடு காட்டி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அரை நிமிடம் காதில் வையுங்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் காது ஓரமாக ஒரு நரம்பு ஓடுவது தெரியும். அதற்கும் விளிம்புக்கும் நடுவில்தான் குத்த வேண்டும், நரம்பிலேயே அல்ல. குத்தும் இடத்தில் வாசலைன் துளியூண்டு தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாகத் திரளும். காதுக்குப் பின்னால் பஞ்சு வைக்காவிட்டால் ஊசி மறுபக்கம் வந்து உங்கள் விரலில் ஏறும், எனக்கு ஏறியிருக்கிறது. எடுத்த பிறகு கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் கன்றிப்போகாது. இரண்டு முறை முயன்றும் வரவில்லையா, விட்டுவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்க வேண்டும்? காலையும் மாலையும் 300 காட்டுகிறது, டோஸ் போதவில்லை போல. (நெல்லிக்குப்பம்)

சர்க்கரை ஆலை ஊரிலிருந்தே சர்க்கரைக் கேள்வி! அந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். முத்துவின் நோட்டிலிருந்து ஒரு நாள்: காலை 7 மணிக்கு ஊசிக்கு முன் 318. 9 மணிக்கு 262, 11 மணிக்கு 181, மதியம் 1 மணிக்கு 124, 3 மணிக்கு 139, 5 மணிக்கு 215, இரவு 7 மணிக்கு 296.

இரண்டு ஓரங்களை மட்டும் பார்த்தால் மருந்து வேலையே செய்யவில்லை என்றுதான் தோன்றும். நடுவில் 124 வரை இறங்கியிருக்கிறான். ஓரத்து 300ஐ நம்பி நான் டோஸைக் கூட்டியிருந்தால் அந்த 124 எங்கே போயிருக்கும்? டாக்டர்கள் முதலில் தேடுவது இந்த மிகக் குறைந்த எண்ணையும் அது வந்த நேரத்தையும்தான். அது 80க்கும் 150க்கும் நடுவில் விழுந்தால் திருப்திப்படுவார்கள். உச்சத்தைப் பார்த்துப் பதறுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவதுதான் முக்கியம்.

தினம் இரண்டு ஊசிக்கும் முன்னால் பாருங்கள். முடிந்த நாளில் ஊசி போட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து ஒன்று. டாக்டர் சொல்லும்போது மட்டும் இப்படி இரண்டு மணிக்கு ஒருமுறை 12 மணி நேரம். பக்கத்தில் என்ன சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்றும் எழுதுங்கள். சுமார் 250, 300ஐத் தாண்டினால்தான் பூனைக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும், அப்போது சிறுநீரும் தாகமும் கூடும். அதனால் தண்ணீர்க் கிண்ணம் மெதுவாகக் காலியாவதே நல்ல செய்தி.

மதியம் தள்ளாடியது. பார்த்தால் 48. என்ன செய்திருக்க வேண்டும்? (முத்தியால்பேட்டை)

அம்மா, தள்ளாடினால் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் மிஷின். 60க்குக் கீழே போனாலே சும்மா இருக்கக் கூடாது. தானாகச் சாப்பிடுமென்றால் சாப்பாட்டோடு கொஞ்சம் தேன். வலிப்பு வந்தாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவியபடியே டாக்டரிடம் ஓடுங்கள். தெளிந்துவிட்டாலும் கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். டாக்டர் சொல்லும்வரை அடுத்த ஊசி வேண்டாம். உங்கள் பக்கம் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு சிரிஞ்ச் தருகிறார்கள். ஏதாவது வித்தியாசமா? (கடலூர் முதுநகர்)

வித்தியாசம் உயிர் அளவுக்கு. சிவப்பு, மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு. நம் ஊரில் இரண்டு வகை மருந்தும் புழங்குகின்றன. முத்துவுக்குப் போடும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகை. ஒருமுறை மருந்துக்கடையில் சிவப்பைக் கொடுத்துவிட்டார்கள், கண்ணாடி போடாமல் நானும் இழுத்துவிட்டேன். ஒரு யூனிட் என்று போட்டது இரண்டரை யூனிட். மதியம் 41. அன்று நடுவில் ஒருமுறை பார்க்காமல் இருந்திருந்தால் முத்து இல்லை. புட்டியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கும்போது பாருங்கள்.

மீன் சோறுதான் சாப்பிடும். சோற்றை நிறுத்திவிடவா? (தேவனாம்பட்டினம்)

நிறுத்த வேண்டியதுதான், ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று வேண்டாம். சோறு குறைந்தால் சர்க்கரையும் இறங்கும். பழைய டோஸையே போட்டால் மேலே சொன்ன 48 கதைதான். கருவாடு உப்பு, அது வேண்டாம். வெறும் மீனும் போதாது. பூனைக்கென்று டின்னில் வரும் ஈர உணவு வசதி.

பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான்? (பண்ருட்டி)

வேண்டாம். உங்கள் மாத்திரையும் வேண்டாம்.

புயலில் கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா? (கடலூர்)

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது எங்களுக்கும் இதே கவலை. பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் பிளாஸ்டிக் பையில் புட்டி, மேலே ஈரத்துணி. ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெக்கை தாக்காது. ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த மருந்து வீண். கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் தூக்கிப் போடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவையும் திறந்து வைக்காதீர்கள். நம் கடற்கரை ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் கெட்டுவிடும்.

ஊசி போடும்போது துள்ளிவிட்டது. பாதி முடியில் சிந்திய மாதிரி ஈரம். மறுபடி போடவா? (அரியாங்குப்பம்)

கூடாது. உள்ளே எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரத்தை முகர்ந்து பாருங்கள், ஆஸ்பத்திரி மருந்து வாசனை அடித்தால் சிந்தியது நிஜம். நோட்டில் 'சிந்தியது' என்று எழுதி, அடுத்த வேளை வழக்கமான நேரத்துக்கே போடுங்கள். அந்த 12 மணி நேரம் சர்க்கரை ஏறித்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.