டீசல் விலை ஏறினால் பழைய விசைப்படகு மலிவாகக் கிடைக்குமா?

டீசல் விலை ஏறும்போது பழைய விசைப்படகுகளின் விலை இறங்குமா, உங்கள் மைத்துனர் இந்த நேரத்தில் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகப்பட்டினத்தில் உறவினர்களின் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இறங்கும். ஆனால் எல்லாப் படகுக்கும் ஒரேபோல இறங்காது. சிக்கனமாக ஓடும் படகை வைத்திருப்பவர் டீசல் ஏறிய ஆண்டில் அதைக் கையை விட்டு விடமாட்டார். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் டீசலை விழுங்கும் படகுகள்தாம். மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு படகு ஒருமுறை கடலுக்குப் போய்வர 300 லிட்டர் டீசல் பிடிக்கிறது என்று வையுங்கள். லிட்டர் 70 ரூபாய் என்றால் 21,000. 95 ரூபாய் என்றால் 28,500. ஒரு நடைக்கு 7,500 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 100 நடை என்றால் ஏழரை லட்சம். மூன்று ஆண்டில் இந்தக் கூடுதல் செலவு மட்டுமே ஒரு நடுத்தரப் பழைய படகின் விலையைத் தொட்டுவிடும். அதே அளவுள்ள இன்னொரு படகு 240 லிட்டரில் போய்வருமானால், அதற்கு இரண்டு லட்சம் அதிகம் கொடுத்து வாங்கினாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே அந்தப் பணம் திரும்பிவிடும். பேரம் பேசும்போது யாரும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. பெயின்ட் புதிதா, வலை இழுக்கும் வின்ச் நன்றாக இருக்கிறதா, வலை சேர்த்துத் தருவாரா என்பதில்தான் பேச்சு நிற்கும்.

டீசல் ஏறினால் முதலாளிக்கு மட்டும்தான் நஷ்டம் என்று இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு, ஏலக் கமிஷன் எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். செலவில் பாதிக்கும் மேல் டீசலுக்கே போகிறது. ஆகவே டீசல் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் ஆட்களின் பங்கிலும் கைவைக்கிறது. தொடர்ந்து சில நடைகள் பங்கு சுருங்கினால் நல்ல டிரைவர் வேறு படகுக்குப் போய்விடுவார். இளைஞர்கள் கேரளத்துக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுவார்கள். ஆள் இல்லாத படகு கட்டிக் கிடக்கும். கட்டிக் கிடக்கும் படகில் பாசியும் சிப்பியும் ஏறும், எஞ்சினில் உப்புக் காற்று வேலையைக் காட்டும். மறுபடி ஓட்டும்போது அது முன்பைவிட அதிக டீசல் கேட்கும். கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு படகு ஏன் விற்பனைக்கு வந்தது என்று நீங்கள் விசாரித்தால், பாதி இடங்களில் 'ஆள் கிடைக்கவில்லை' என்றுதான் பதில் வரும். அதன் அடியில் இருப்பது டீசல் கணக்குதான்.

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் மலிந்தால் நமக்கும் நல்ல காலம் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. 2020-இல் என்ன நடந்தது? ஊரடங்கில் கச்சா எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்த மே மாதத்தில் மத்திய அரசு டீசல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. மலிவு படகுத்துறை வரை வந்து சேரவே இல்லை. அடுத்த ஆண்டு சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது.

அந்தச் சமயத்திலும் இரும்புப் படகுகளின் விலை மரப்படகுகள் அளவுக்குச் சரியவில்லை. எஃகு விலையும் கூடவே ஏறியதுதான் காரணம். 2022 மே 21 அன்று டீசல் வரியை 6 ரூபாய் குறைத்த அதே மத்திய அரசு, அதே நாளில் எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. உள்நாட்டில் எஃகு விலை அந்த அளவுக்குப் போயிருந்தது. புதிய இரும்புப் படகு கட்ட முடியாதவர் பழையதைத் தேடி வந்தார். எதற்கும் உதவாவிட்டாலும் எடைக்குப் போட்டால் ஒரு தொகை வரும் என்ற தைரியமும் விற்பவருக்கு இருந்தது. மரப்படகுக்கு அந்தத் தைரியம் கிடையாது. எஞ்சினையும் வின்ச்சையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது விறகு. பொருளாதாரம் சரியும்போது மரப்படகு வைத்திருக்கும் சிறு முதலாளிதான் முதலில் அடிபடுகிறார் என்பது என்னை மிகவும் வருத்தும் விஷயம். அரசு உதவி பேசப்படும் இடங்களில் இவர்களின் பெயர் வருவதே குறைவு.

பாக் நீரிணைக்கு அக்கரையில் இன்னும் கொடுமை. யாழ்ப்பாணத்துச் சிறு மீனவர்கள் ஃபைபர் படகில் மண்ணெண்ணெய் எஞ்சின் பொருத்தித் தொழில் செய்கிறார்கள். 2022 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 இலங்கை ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை நாணயம் 360 வரை சரிந்திருந்தது. எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வருவது. அதன் விலை ஏறாமல் இருக்க வழியே இல்லை. எரிபொருளுக்குக் காசில்லை என்று எஞ்சினை விற்றுவிட்டவர், நிலைமை சீரானபோது அந்தப் பணத்தில் இன்னொன்று வாங்க முடியாது. எரிபொருள் ஏறினால் எஞ்சின் விலை இறங்கும் என்ற எளிய கணக்கு நாணயம் சரியும்போது பொய்த்துப்போகிறது.

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய படகை ஈடாகப் பிடித்து வங்கி கடன் தருவது அரிது. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகைதான் அடகுக்குப் போகிறது. தங்கம் ஏறிய ஆண்டில் அதே நகைக்கு அதிகக் கடன் கிடைப்பதால், தொழில் நன்றாக இல்லாதபோதும் படகு வாங்க ஆட்கள் இருப்பார்கள். அதை வைத்துத் தொழில் செழிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நகை போதாதபோது, கரையில் மீனை ஏலம் விடும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தக் கடன் தீரும்வரை மீனை அவரிடமே போட வேண்டும், அவர் கமிஷனும் போகும். விற்பவருக்கு அப்படி ஒரு பாக்கி இருந்தால் ஏலக்காரர் உங்கள் மைத்துனரிடம்தான் வந்து நிற்பார். விலை பேசுமுன் ஏலக்காரரை நேரில் பார்த்துக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

படகைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் சூடாவதற்கு முன்பே போகச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, சுமை ஏற்றிப் புகையைப் பார்க்க வேண்டும். விடாமல் கரும்புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிறகு கடலுக்குள் கொண்டுபோக வேண்டும். எங்கள் பெரியப்பா செய்வது இதுதான்: கிளம்புமுன் டீசல் டாங்கிக்குள் மூங்கில் குச்சியை அடிவரை விட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறிக்கொள்வார். வழக்கமாக வலை இழுக்கும் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்வார். திரும்பியதும் அதே குச்சியை விட்டு இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறப்பார். கரைக்கு வந்ததும் குளிர்ப்பெட்டிக்கு அடியில் உள்ள பலகைகளைச் சுத்தியலால் தட்டுவார். மரம் அழுகியிருந்தால் சத்தம் மந்தமாக வரும்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருமானமே இல்லாத அந்த 61 நாளில்தான் பழுதுபார்க்கும் செலவு வந்து நிற்கும். அதைத் தாங்க முடியாதவர் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ விற்கப் பார்ப்பார். வாங்குகிறவருக்கு அதுதான் நல்ல நேரம். ஜூன் தொடங்கிவிட்டால் எல்லோரும் கடலுக்குப் போகத் துடிப்பார்கள், விலை ஏறிவிடும்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் படகுகளை நேரில் ஆய்வு செய்வார்கள். ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு மானிய டீசல் நிறுத்தப்படும். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் வரை கிடைத்துவந்த இந்த விற்பனை வரி விலக்கு டீசல் 2023-இல் 19,000 லிட்டராக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. பதிவு சரியில்லாத படகு என்ன மலிவாக வந்தாலும் இந்தச் சலுகை கைநழுவிப்போகும். ஆகவே பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், மானிய டீசலுக்கான புத்தகம், கடைசி ஆய்வின் விவரம் ஆகியவற்றை வாங்கிப் பார்த்து, மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த பிறகே பெருந்தொகையைக் கொடுக்கச் சொல்லுங்கள். படகு வேறு மாவட்டத்தில் பதிவானது என்றால், இடம் மாற்றுவதற்கான தடையில்லாச் சான்றும் விற்பவர்தான் எடுத்துத்தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.