ஸ்காட்லாந்தின் ஃபிரேசர்பரோவில் பாழடைந்த கோட்டையை ஏன் கலங்கரை விளக்கமாக மாற்றினார்கள்? அந்த ஊர் மீனால் வளர்ந்தது எப்படி?

முதலில் ஒரு திருத்தம். 'பாழடைந்த கோட்டை' என்று கேட்டிருக்கிறீர்கள். கின்னேர்ட் முனைக் கோட்டை இடிந்து கிடந்து பிறகு விளக்காகவில்லை. விளக்கு ஏறியதால்தான் அதன் கோபுரம் இன்றும் நிற்கிறது. அந்தக் கரையில் உபயோகமற்றுப் போன கோட்டைகளின் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் அங்கே போகத் திட்டமிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அபர்தீனுக்கு வடக்கே சுமார் 40 மைலில் இருக்கிறது ஊர். சுற்றுவட்டாரத்தில் 'ப்ராக்' என்று சொன்னால்தான் புரியும். பழைய பெயர் ஃபெய்த்லி. 1570-இல் ஃபிரேசர் குடும்பத்தார் முனையில் கோட்டையைத் தொடங்கினார்கள். அலெக்சாண்டர் ஃபிரேசர் துறைமுகம் கட்டினார், 1592-இல் பல்கலைக்கழகத்துக்கே அரச அனுமதி வாங்கினார். அதன் முதல்வர் சார்ல்ஸ் ஃபெர்ம், மன்னர் தடுத்த திருச்சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டதற்காக 1605-இல் சிறைப்பட்டார், பல்கலைக்கழகமும் நிலைக்கவில்லை. கட்டிய கடன் கழுத்தை நெரிக்க, குடும்பத்தின் பழைய கெய்ர்ன்பல்க் கோட்டையே கைமாறியது.

கலங்கரை விளக்கங்களுக்கான சட்டம் 1786-இல் வந்தது. உயரமான சுவர் ஏற்கெனவே கடல் முனையில் நிற்கும்போது புதுக் கோபுரத்துக்கு ஏன் செலவு? எடின்பரோவில் விளக்குகள் செய்துவந்த தாமஸ் ஸ்மித் கோட்டை உச்சியில் விளக்கறை அமைத்து 1787 டிசம்பர் 1 அன்று ஏற்றினார். திமிங்கில எண்ணெய் விளக்குகள் 17, மூன்று வரிசையில். ஒவ்வொன்றின் பின்னும் சாந்துக் குழியில் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்த பிரதிபலிப்பான். இதில் பெரிய தொல்லை கரி. புகை கண்ணாடியில் படிந்தால் வெளிச்சம் மங்கும். ஆகவே இரவெல்லாம் திரி நறுக்க வேண்டும், பகலில் ஒவ்வொரு துண்டாகத் துடைக்க வேண்டும். 1824-இல் ஸ்மித்தின் மருமகன் ராபர்ட் ஸ்டீவன்சன் கோட்டைக்குள்ளேயே கோபுரம் எழுப்பி விளக்கறையைப் புதுப்பித்தார். 1991-இல் அதை அணைத்தார்கள். இப்போது பக்கத்தில் ஒரு சின்னத் தானியங்கி விளக்கு வேலை செய்கிறது.

இனி மீன். ஹெர்ரிங் நம் மத்தி, சாளையின் குடும்பம். எண்ணெய் அதிகம், ஒரே நாளில் கெடும். உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தால்தான் தூரத்துக்கு விற்க முடியும். அதனால் ஊரின் வளர்ச்சியைப் படகு எண்ணிக்கையில் தேடாதீர்கள், பீப்பாயில் தேடுங்கள். கரைக்கு வரும் மீனைக் 'கிரான்' கணக்கில் அளப்பார்கள்: ஒரு கிரான் 37.5 காலன், சுமார் 170 லிட்டர். மூன்று பெண்கள் ஒரு குழு. இருவர் ஆய்வார்கள், ஒருத்தி அடுக்குவாள். விரல்களில் கந்தல் துணி சுற்றி நூலால் கட்டியிருக்கும். வெட்டுக்காயத்தில் உப்பு புகுந்தால் ஆறவே ஆறாது. குட்டைக் கத்தியை ஒரு திருப்புத் திருப்பினால் செவுளும் குடலும் சேர்ந்து வரும், அதே கையோடு மீன் அளவுவாரியாகத் தொட்டிக்குப் போகும். முதலில் உப்பில் புரட்டல். பிறகு வயிறு மேலே பார்க்க, தலை பீப்பாய்ச் சுவரை ஒட்ட, ஒரு அடுக்கு மீன், ஒரு கை உப்பு. அடுத்த அடுக்கு குறுக்கே.

எட்டுப் பத்து நாளில் மீன் அமுங்கி மேலே இடம் விழும். பக்கத்துத் துளையைத் திறந்து உப்புநீரை வடித்து, அதே நாள் பதப்படுத்திய மீனால் நிரப்பி, மூடியை அடைத்து, வடித்த நீரையே திரும்ப ஊற்றுவார்கள். வேறு நாள் மீனைக் கலந்தால் பதம் ஒத்துவராது. பீப்பாய் கசிந்தால் காற்றுப் பட்டு மீன் மஞ்சளித்துக் காறும். இரை தின்ற வயிற்றோடு குவியலில் கிடந்தால் வயிறு வெடிக்கும். இதெல்லாம் தேறினால்தான் மீன்வாரிய அதிகாரி பீப்பாயில் தரத்துக்கு அடையாளமான கிரீட முத்திரையைச் சுடுவார். அந்த முத்திரையை நம்பித்தான் ஜெர்மனியும் ரஷ்யாவும் வாங்கின. ('மேட்டி' என்று ஒரு தரம் உண்டு; அது டச்சுச் சொல், நம் மத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) முதல் உலகப்போரிலும் ரஷ்யப் புரட்சியிலும் அந்தச் சந்தை முறிந்தது.

'கோட்டையைக் கேட்டால் மீன் ஆய்வதைச் சொல்கிறாரே' என்று கீழே யாராவது எழுதலாம். எழுதட்டும். கிரீட முத்திரைக்குப் பின்னால் இருந்த கைகள் அந்தப் பெண்களுடையவை. பீப்பாய்க்கு இவ்வளவு என்று மூவருக்கும் சேர்த்துத்தான் கூலி. வரலாறு எழுதுபவர்கள் அவர்களை 'உதவியாளர்' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. கோட்டைக்குப் பக்கத்துப் பாறையில் 'ஒயின் கோபுரம்' என்ற மூன்றடுக்குக் கட்டடம் இருக்கிறது. பயணக் கட்டுரைகள் எல்லாம் காதலனை இழந்து பாறையிலிருந்து குதித்த பெண்ணின் ஆவிக் கதையோடு நின்றுவிடுகின்றன. அதன் மேலறைக் கூரையில் கல்லில் செதுக்கிய குமிழ்கள் தொங்குகின்றன. ஃபிரேசர் குலச் சின்னமும் இயேசுவின் பாடுகளைக் காட்டும் குறிகளும் அவற்றில் இருக்கின்றன. போனால் உள்ளே விடுவார்களா என்று அங்கேயே இருக்கும் கலங்கரை விளக்க அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.