கேள்வி–பதில்: அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்தே இருக்கிறதே?

வாசகர், புதுவயல்: அரிசி ஆலையின் கணக்கு சர்வரில் (உபுண்டு இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்) டிஸ்க் நிறைந்துவிட்டது. 18 ஜிபி லாக் ஃபைலை அழித்தேன். டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளை இன்னமும் 100 சதவீதம் என்கிறது. ஃபைல்களின் அளவைக் காட்டும் 'டியு' போட்டுக் கூட்டினால் கணக்கு இடிக்கிறது. போஸ்ட்கிரெஸின் பிஜி_வால் ஃபோல்டரும் பெரிதாக இருக்கிறது. அதையும் அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். முதல் விஷயத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் அழித்தது ஃபைலின் பெயரைத்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் விடும்வரை இடம் திரும்பாது. 'டியு' பெயர்களைத் தேடிப்போய்க் கூட்டுகிறது; 'டிஎஃப்' ஃபைல்சிஸ்டத்தையே கேட்கிறது. இடிப்பது அதனால்தான்.

ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று கொடுங்கள் (எல் பெரிய எழுத்து). பெயர் போயும் திறந்திருக்கும் ஃபைல்களும், அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராமின் பிஐடியும் (அடையாள எண்), எஃப்டி எண்ணும் (திறந்த ஃபைலுக்கு அந்த புரோகிராமில் உள்ள எண்) வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். லோடு ஏறும் நேரம், பில் நிற்கக்கூடாது என்றால், '/ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண்' என்ற பாதையை 'ட்ரன்கேட் -எஸ் 0' கொண்டு காலி செய்யலாம். லாக் ஃபைலுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். டேட்டா ஃபைலில் செய்தால் தரவு போனதுதான். இனிமேல் ஓடும் லாகை அழிக்காமல் பழைய லாகைத் தானே சுழற்றிக் கழிக்கும் லாக்ரொட்டேட்டிடம் விட்டுவிடுங்கள்.

பட்டியல் காலியாக வந்தால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் ஐநோடுகளை (ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவிடங்கள்) தின்றுவிட்டால், இடம் இருந்தும் "இடமில்லை" என்றுதான் வரும்.

இனி பிஜி_வால். நம் பக்கத்துக் கடைக் கணக்கில் வரவுசெலவு முதலில் சிட்டையில் ஏறும், பிறகுதான் பேரேட்டுக்குப் போகும். வால் என்பது போஸ்ட்கிரெஸின் சிட்டை. பேரேட்டில் ஏறாத சிட்டையைக் கிழித்தால், கரண்ட் போய் சர்வர் மறுபடி எழும்போது கணக்கை நேர்செய்ய வழியில்லை. டேட்டாபேஸ் கிளம்பாமலே போகலாம். அது ஏன் பெருத்தது என்று பாருங்கள். 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' வியூவில் தோல்வி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வாலை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை வேலை செய்யவில்லை; நகல் ஆகும்வரை வால் கழியாது. 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' வியூவில் ஆக்டிவ் 'எஃப்' (இயங்கவில்லை) என்று ஒரு ஸ்லாட் (ரெப்ளிகாவுக்காக வாலைப் பிடித்துவைக்கும் பதிவு) கிடந்தால், என்றோ கழற்றிய ரெப்ளிகா (நகல் சர்வர்) ஒன்றுக்காக எல்லாம் சேர்ந்துகொண்டிருக்கலாம். அந்த ரெப்ளிகா இனி வராது என்று உறுதியானால் 'பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்' கொடுங்கள். அடுத்த செக்பாயிண்டில் (சிட்டையில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றி முடிக்கும் கட்டம்) போஸ்ட்கிரெஸே பழையதைக் கழிக்கும். பதிப்பு 13 முதல் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' என்ற வரம்பு உண்டு. இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. நீங்கள்தான் வைக்கவேண்டும்.

வாசகர், தேவகோட்டை: டேட்டாபேஸை எடுத்துச் சுருக்கும் 'பிஜி_டம்ப் | ஜிசிப்' பேக்கப் கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. குறித்த நேரத்தில் தானே ஓடும்படி கிரானில் போட்டால் வருவதே இல்லை. ஃபைல் பெயரில் தேதிக்காக 'டேட் +%எஃப்' வைத்திருக்கிறேன்.

அந்த % தான் வில்லன். கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியல்) % என்றால் வரி முடிவு. அதற்குப் பிந்தியதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். முன்னால் ஒரு \ போடுங்கள். அதைவிட, முழுவதையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி அதைக் கிரானில் கூப்பிடுவது நல்லது. கிரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது என்பதால் 'பிஜி_டம்ப்'புக்கு முழுப் பாதை கொடுங்கள். பாஸ்வேர்டு '.பிஜிபாஸ்' ஃபைலில் இருந்தால் அனுமதி 0600 இருக்கவேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் அந்த ஃபைலையே கண்டுகொள்ளாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதைவிட ஆபத்து. பைப்பில் (| குறி) கடைசிக் கட்டளையின் முடிவுதான் மொத்த முடிவு. டம்ப் தோற்றாலும் ஜிசிப் ஜெயிக்கும். 20 பைட் ஃபைல் ஒன்று தேதியோடு வந்து உட்காரும். பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' எழுதுங்கள். இல்லையேல் 'பிஜி_டம்ப் -எஃப்சி' போடுங்கள் (எஃப் பெரிய எழுத்து, சி சின்ன எழுத்து): சுருக்குவதும் அதுவே, பைப்பே வேண்டாம். 'பிஜி_ரீஸ்டோர் --லிஸ்ட்' பொருளடக்கத்தைத்தான் காட்டும்; பேக்கப் முழுதாக மீளுமா என்று சொல்லாது. மாதம் ஒருமுறை வேறு டேட்டாபேஸில் மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாசகர், ஆத்தங்குடி: டைல்ஸ் பட்டறையிலிருந்து வெளியூர் சர்வரில் ரீஸ்டோர் ஓட்டுகிறேன். கரண்ட் போய் நெட் அறுந்தால் ரீஸ்டோரும் செத்துவிடுகிறது.

இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸை 'டிமக்ஸ் நியூ -எஸ் மீட்பு' என்று தொடங்கி அதற்குள் ஓட்டுங்கள். கன்ட்ரோல்-பி (b), பிறகு டி (d) அழுத்தினால் வெளியே வரலாம். 'டிமக்ஸ் அட்டாச் -டி மீட்பு' (இங்கே டி என்பது t) என்றால் திரும்பலாம். எஸ்எஸ்ஹெச் போட்டு சர்வருக்குள் நுழைந்த பிறகுதான் டிமக்ஸைத் தொடங்கவேண்டும். லேப்டாப்பில் தொடங்கினால் நெட் அறும்போது பிழைப்பது லேப்டாப்பில் உள்ள டிமக்ஸ் மட்டும்தான்.