கணக்குப்பிள்ளைகள் என்று யாரைச் சொன்னீர்கள்?

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பன்னிரண்டு வருட சர்வீஸ். போன வருடம் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு) வேலை முழுவதையும் என் தலையில் கட்டினார்கள். அதைச் செய்யும்போதுதான் உயர்கல்வி நிர்வாகம் என்பதே ஒரு தனித்துறை என்று தெரிந்தது. தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தில் சேர்ந்து படிக்கலாமா என்று யோசிக்கிறேன். தலைமை, நிதி, கொள்கை இதையெல்லாம் படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா? நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. தொழில்துறையினரும் நிர்வாகிகளும் துணைவேந்தர் ஆகலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2025 வரைவு சொல்கிறது. பயமாக இருக்கிறது. ஏற்கெனவே நம் பல்கலைக்கழகங்கள் கணக்குப்பிள்ளைகள் கையில் சிக்கிச் சீரழிகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் மாதிரி ஒரு கல்வியாளர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

உங்களுக்குத் தனிமடலிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் கடிதம் வந்த வாரத்தில் நான் சில பல்கலைக்கழகங்களின் பழைய பட்ஜெட் புத்தகங்களைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில மாதங்களாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை நீங்கள் எதிர்த்திசையிலிருந்து வந்து தொட்டிருக்கிறீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, இரவில் உட்கார்ந்து நாக் கோப்புகளுக்குப் பக்க எண் போடுவது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். அதில் சலித்துப்போகாமல், இதற்குப் பின்னால் படிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அபூர்வமான குணம் அது. சிரிக்கிற நண்பர்களை விடுங்கள்.

யுஜிசி வரைவைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 2018 விதிமுறைகள் துணைவேந்தருக்குப் பத்தாண்டு பேராசிரியர் அனுபவமோ, ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் பத்தாண்டு அனுபவமோ கேட்டன. 2025 ஜனவரி வரைவு தொழில்துறையிலும் பொது நிர்வாகத்திலும் மூத்த பதவியில் இருந்தவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. தேடுதல் குழுவை யார் அமைப்பது என்பதுதான் அதில் உண்மையான சண்டை. அது ஆளுநர்களும் அரசுகளும் நீதிமன்றங்களும் பேசித் தீர்க்கவேண்டியது.

ஆனால் கணக்குப்பிள்ளைகள் என்று எழுதினீர்களே, அந்த வரியை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அது ஆறவில்லை. யாரைச் சொல்கிறீர்கள்? நம் பல்கலைக்கழகங்களில் கணக்கு தெரிந்தவர்கள் கையில் எப்போது அதிகாரம் இருந்தது? ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள். நீங்கள் இயற்பியல் ஆசிரியர், எண்கள் உங்களைப் பயமுறுத்தக் கூடாது.

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட வரிப்பாக்கி சுமார் 424 கோடி ரூபாய். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் என்ன செய்வது என்று தவித்தது. துணைவேந்தரின் பதவிக்காலம் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது, புதியவர் வரவில்லை, ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்திக்கொண்டிருந்தது. செய்தி வந்தபோது எல்லோரும் கேட்டது, பல்கலைக்கழகத்துக்கு எதற்கய்யா வரி என்றுதான். நியாயமான கேள்வி. கேட்டவர்களில் எத்தனை பேர் அதற்கான பதிலைத் தேடிப்போனார்கள்?

லாப நோக்கமில்லாத, அரசின் பணத்தில் கணிசமாக நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு வருமான வரிச் சட்டம் தானாகவே விலக்கு தருகிறது. கணிசம் என்றால் எவ்வளவு என்பது நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. 2014இல் ஒரு விதி வந்தது. அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 சதவீதத்தைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் அந்தத் தானியங்கி விலக்கு கிடையாது.

இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் வரவு 200 கோடி, அதில் அரசு மானியம் 104 கோடி என்று வைத்துக்கொள்வோம். 52 சதவீதம், விலக்கு உண்டு. தணிக்கை ஆட்சேபணைகள் தீரவில்லை என்று சொல்லி மானியத்தில் பத்து கோடியைப் பிடித்துவைத்தால்? 190இல் 94. 49.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பத்து கோடி போனதோடு வரி விலக்கும் சேர்ந்து போகிறது.

இன்னொரு பக்கமும் போடுங்கள். மானியம் குறையவே இல்லை. துணைவேந்தர் சுறுசுறுப்பானவர், தொலைநிலைக் கல்வியை விரிவாக்கி 15 கோடி கூடுதலாகச் சம்பாதிக்கிறார். 215இல் 104, அதாவது 48 சதவீதம். சொந்தமாக உழைத்துச் சம்பாதித்த குற்றத்துக்கு அவருடைய பல்கலைக்கழகம் வரி வளையத்துக்குள் போய் நிற்கிறது. சொந்தக் காலில் நில்லுங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு மேடைதோறும் உபதேசம் செய்கிறார்களே, அவர்களில் ஒருவராவது இந்த 50 சதவீதக் கோட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சட்டத்தில் வேறு வாசல் இருக்கிறது. வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேறு பிரிவின்கீழ் விலக்கு பெறலாம். அதற்கு, இந்த ஆண்டு நாம் கோட்டுக்கு மேலே இருக்கிறோமா கீழே போகிறோமா என்று நிதியாண்டு முடியும் முன்பே பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் கேட்கிற துணைவேந்தர் வேண்டும். மானியத்தைக் குறைக்கும் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு, இந்தப் பத்து கோடி வெட்டு எங்கே போய் வெடிக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். நீங்கள் கேட்டீர்களே, தலைமை, நிதி, கொள்கை என்று, மூன்றும் அந்த ஒரு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. மூன்றும் தெரிந்த ஆள்தான் இல்லை. சென்னை விஷயத்தில் பல்கலைக்கழகத் தரப்பு சொன்ன காரணமும் இதுதான், அந்த ஆண்டுகளில் அரசு மானியம் பாதிக்குக் கீழே போய்விட்டது.

கணக்கு தெரிந்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் தொகுதியிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் செனட்டுக்கு, அதாவது பட்ஜெட்டை நிறைவேற்றும் பேரவைக்கு, தேர்வாகியிருந்த காலம். பெயர் வேண்டாம். பட்ஜெட் புத்தகம் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் கைக்கு வரும். அதில் எதுவும் புரியாமல் நிதிப் பிரிவுக்குப் போய் நின்றபோது அங்கிருந்த சூப்பிரண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெற்றிலை போட்ட வாய், தடித்த கண்ணாடி. வரவினத்தில் எந்தத் தொகை உண்மையில் வந்தது, எது வரும் என்று நம்பி எழுதப்பட்டது, அறக்கட்டளை வைப்புநிதியிலிருந்து எடுத்துச் சம்பளம் போட்டால் அது எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கும், எல்லாம் அவரிடம் கற்றதுதான். எந்தப் பேராசிரியரும் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் கற்றுத்தந்ததில்லை.

அவர் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் யார் எந்த வருடம் ஓய்வுபெறுகிறார், அந்த வருடம் பென்ஷன் செலவு எவ்வளவு கூடும் என்று இருபது வருடத்துக்குக் கையாலேயே கோடு போட்டு எழுதியது. 2003 ஏப்ரல் 1க்கு முன் வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் பழைய பென்ஷன் கொடுத்தாகவேண்டும். பல்கலைக்கழகம் அதைத் தன் நிதியிலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தது. நிதியோ தேய்ந்துகொண்டே போனது. எந்த வருடம் பென்ஷன் செலவு சம்பளச் செலவைத் தாண்டும் என்று அவர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். மூன்று துணைவேந்தர்களுக்குக் குறிப்பு வைத்தாராம். ‘பார்த்தேன், கோப்பில் வைக்க’ என்று சுருக்கொப்பத்தோடு திரும்பி வந்தது.

அந்த வருட செனட்டில் காலைப் பொழுது முழுவதும் ஒரு கட்டடத்துக்கு யார் பெயர் வைப்பது என்பதில் போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு பட்ஜெட். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு நான் எழுந்தேன். என்னை உட்காரச் சொன்னது பதிவாளர் இல்லை. எங்கள் சங்கத்து ஆட்களே பக்கத்திலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். “சார், அதெல்லாம் ஆபீஸ்காரங்க சமாச்சாரம். நாம கல்வியைப் பேசுவோம்.” பட்ஜெட் கைதட்டலோடு நிறைவேறியது. அவர் சிவப்பில் கோடிட்ட வருடத்துக்கு முன்பே அங்கே பென்ஷன் மாதக்கணக்கில் தாமதமாக ஆரம்பித்தது. நிர்வாகக் கட்டடத்து வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்ட ஓய்வூதியர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு என் சட்டையை இழுத்தவர்களும் அதே வரிசையில் இருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன் எம்., கணக்கு நம் வேலையில்லை என்று ஆசிரியர்கள் நினைத்தது பெருந்தவறு. அது கல்வியின்மேல் உள்ள மரியாதை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பாடப்பிரிவு நடக்கும், எந்தப் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கும், எந்த ஆய்வகத்துக்கு ரசாயனம் வாங்குவார்கள் என்பதெல்லாம் நாம் திருப்பிப் பார்க்க மறுத்த அந்தப் புத்தகத்தில்தான் முடிவாகிறது. கௌரவ விரிவுரையாளர்கள் சொற்ப ஊதியத்துக்கு உழைக்கிறார்களே, அது எந்த அரங்கிலும் விவாதித்து எடுத்த கல்விக்கொள்கையா? காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டால் பட்ஜெட் சமப்படும் என்று யாரோ கண்டுபிடித்ததன் விளைவு.

லட்சுமணசாமி முதலியார் பற்றி நீங்கள் எழுதியது. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தர். பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. மகப்பேறு மருத்துவர். ஆனால் அவர் காலத்து வரைபடத்தையும் பாருங்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நீங்கலாக இன்றைய தமிழ்நாட்டின் கல்லூரிகள் ஏறத்தாழ எல்லாமே 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னையின்கீழ்தான் இருந்தன. தன்கீழுள்ள கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான் இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் உயிர்நாடி. மதுரைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1985இல் அழகப்பா, 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் என்று புதிய பல்கலைக்கழகங்கள் வர வர அதன் எல்லை சுருங்கியது. பெரிய கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாங்களே தேர்வு நடத்தின. அந்த வரவும் குறைந்தது. ஊழியர்களும் பென்ஷனும் அப்படியே இருந்தார்கள். 1971இலேயே மதுரை தொடங்கிய அஞ்சல்வழிக் கல்விதான் நெடுநாள் அந்த ஓட்டையை அடைத்தது. எல்லை தாண்டி மையங்கள் நடத்தக்கூடாது என்று யுஜிசி இறுக்கியதும் அதுவும் வற்றியது. முதலியாரே திரும்பி வந்து உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்.

அண்ணாமலையைப் பாருங்கள். 1929இல் ஒரு கொடையாளரின் கனவாகத் தொடங்கியது. 2013இல் ஏறத்தாழ 12,000 ஊழியர்களோடு நிதி முட்டி நின்றபோது அரசு ஓர் ஐஏஎஸ் அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது, அதே ஆண்டு தனிச்சட்டம் இயற்றி எடுத்துக்கொண்டது. பிறகு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் பிற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். குடும்பத்தை விட்டு எங்கெங்கோ போனவர்களை எனக்குத் தெரியும். நிதித் திட்டமிடல் இல்லாமல் போனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

உங்களுக்கு முன்னுதாரணம் வேண்டுமென்றால் மால்கம் ஆதிசேஷையாவைச் சொல்வேன். வேலூரில் பிறந்த பொருளாதார அறிஞர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர், 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தன் சொந்தச் சொத்தில் தொடங்கியவர், 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கல்விக்குச் செய்யும் செலவைப் பற்றி எண்களோடு வாழ்நாள் முழுக்கப் பேசியவர். அவரைக் கல்வியாளர் என்பீர்களா, கணக்குப்பிள்ளை என்பீர்களா?

தில்லிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். அந்த நிறுவனம் 1962இல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கியது, நல்ல நூலகம், கல்வி நிதி பற்றி ஆழமாகப் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தலைமைப் பண்பு என்று ஓட்டல் அரங்குகளில் இரண்டு நாள் நடத்துகிறார்களே, அதற்குக் காசு கட்டாதீர்கள்.

ஆனால் விண்ணப்பம் போடும் முன்பு ஒரு வேலை. உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கடைசி ஐந்து ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கமாட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடுத்த செனட் தேர்தலில் உங்கள் தொகுதியில் நில்லுங்கள். நிதிப் பிரிவில் இன்னும் ஒரு சூப்பிரண்டு இருப்பார், போய்ப் பாருங்கள், நாற்காலி போடுவார். அறிக்கைகள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆட்சேபணைப் பத்திகளை எந்த வரிசையில் வாசிக்கவேண்டும் என்று தனியாக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.